பங்கு கொடாதவன் கள்வனா?

சிலாபத்திற்கு வடக்கே, மேற்கிற் கடலும் கிழக்கில் முந்தல் களப்பும் இருக்க, இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பில் அமைந்த ஊர் உடப்பு. ஆடி மாதத்துத் தீமிதிப்பினால் அவ்வூர்த் திரௌபதையம்மன் ஆலயம் நாட்டின் பல பகுதிகளிலும் அறியப்பட்டுள்ளது. கடல் அடங்கியிருக்கும் மாதங்களில், ஏறத்தாழ ஒக்டோபர் தொடக்கம் ஏப்பிரல் வரை, ஊரின் வாழ்வு கரைவலையைச் சுற்றியே அமைகிறது.

கரைவலைத் தொழிலைக் கண்டறியாத வாசகர் பொருட்டு அதன் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிற்போரிடம் விட்டுவிட்டுத் தோணி கடலினுட் செல்லும். வலையை வளைத்து இறக்கும். மறு கயிற்றின் தலைப்பைச் சற்று அப்பாற் கரைசேர்க்கும். இரு பிரிவினராக நிற்கும் தொழிலாளர் இரு கயிறுகளையும் இழுப்பர். ஒருவர் அம்பா பாட, மற்றையோர் அதனை ஏற்றுப் பாடுவர். பாட்டின் அடி விழும் இடத்திற் கைகளின் இழுப்பும் விழும். நெடுநேர உழைப்பின் பின்னரே மீன் நிறைந்த மடி கரையேறும். மீனை விற்றுச் செலவு நீக்கி எஞ்சுவது வலைக்குரிய சம்மாட்டிக்கும் இழுத்தவர்க்கும் பங்காகப் பிரியும். வழியே போகும் ஒருவர் நின்று கயிற்றிற் கைவைத்தாலும் அவருக்குக் கறிக்கு மீன் உண்டு. எதுவும் செய்ய மாட்டாது ஓலைப்பெட்டியுடன் வந்து நிற்கும் முதியவளுக்கும் ஒரு பிடி விழும். அதனைக் களவென்று எவரும் சொல்வதில்லை.

களவு யாது, களவல்லாதது யாது என்ற வினாவுக்கு இக்கரையில் ஒரு விடை உண்டு. அக்கரையிற் பிறந்த இளைஞன் ஒருவனுக்கு அவ்விடை விளங்குவதற்குப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

அவன் கலைப்பீட மாணவன். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இரண்டு பொருள்களைத் தவறாது கொண்டு செல்வான். ஒன்று, துவைப்பதற்குரிய துணிகள் நிறைந்த பை. மற்றொன்று, புதிய திரைப்படங்கள் நிறைந்த ஒரு பென் டிரைவ். விடுதியில் ஒருவர் இணையத்திலிருந்து இறக்கிய படம் இரவுக்குள் இருபது கணினிகளுக்குப் பரவிவிடும். ஊரில் அவன் வரவை நோக்கி இருந்த நண்பர்கள், நலம் விசாரிக்கு முன்னரே, என்ன படம் கொண்டுவந்தாய் என்று கேட்பர். அவன் கொடுத்தான், அவர்கள் பார்த்தனர், தம்மைச் சார்ந்தவர்க்கும் கொடுத்தனர். ஒரு சதமும் கை மாறவில்லை. தான் ஏதோ தவறு செய்வதாக அவன் எண்ணியதுமில்லை. ஊருக்குச் சிறு உதவி செய்வதாகவே எண்ணினான்.

இவ்வெண்ணத்திற்கு ஒருநாள் சோதனை வந்தது. மாணவர் விவாதமொன்றில், எண்மிய ஆக்கங்களைப் பணம் கொடாது பிரதி செய்தலும் பார்த்தலும் களவே என்ற பொருள் கொடுக்கப்பட்டது. அவன் மறுத்துப் பேசும் அணியிலே சேர்ந்தான். அவன் எடுத்துவைத்த நியாயங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. ஆதலால் அவற்றைச் சுருக்கமாகவேனும் இங்கு கூறுதல் பொருந்தும்.

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, அதன் 366 ஆம் பிரிவிலே களவை வரையறுக்கிறது. ஒருவரின் உடைமையிலுள்ள அசையும் பொருளை, அவர் சம்மதமின்றி, நேர்மையீனமாக எடுக்கும் எண்ணத்துடன் அசைத்தலே களவாகும். மாடு களவு போனால் தொழுவம் வெறுமையாகும். வலை களவு போனால் மறுநாள் தொழில் இல்லை. ஆனால் பாட்டு ஒன்றைப் பிரதி செய்தால், பாட்டு உரியவரிடம் இருந்தபடியே இருக்கிறது. அசைந்தது எது? குறைந்தது எது? 1985 இல் அமெரிக்க உயர் நீதிமன்றமும் இவ்வினாவை எதிர்கொண்டது. எல்விஸ் பிரஸ்லியின் பாடல்களை அனுமதியின்றி இசைத்தட்டுகளாக்கி விற்றவரது வழக்கு அது. அவ்விசைத்தட்டுகளைக் களவாடப்பட்ட பொருள்களெனக் கொண்டு தண்டிக்க அந்நாட்டின் களவுப் பொருட் சட்டம் இடந்தரவில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. பதிப்புரிமையை மீறுதலும் பொருளைக் களவாடுதலும் ஒன்றல்ல என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

இலங்கையின் சட்டமும் இவ்விரண்டையும் வேறாகவே வைத்துள்ளது. பதிப்புரிமை பற்றிய விதிகள் தண்டனைச் சட்டக்கோவையில் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் உள்ளன. வேண்டுமென்றே உரிமையை மீறுபவருக்கு முதற் குற்றத்தின்போதே ஆறு மாதம் வரையான சிறையும் ஐந்து இலட்சம் ரூபா வரையான தண்டமும் விதிக்க அச்சட்டம் வழிசெய்கிறது. ஆயினும், முறையாகப் பெற்ற பிரதியொன்றிலிருந்து தன் சொந்தத் தேவைக்கென ஒருவர் ஒரு பிரதி எடுத்துக்கொள்வதைச் சில விலக்குகளுடன் அதுவே அனுமதிக்கிறது. பிரதி எடுத்தல் இயல்பிலேயே களவாயின் இந்த அனுமதிக்கு இடமிராது.

அடுத்து அவன் தமிழரின் வரலாற்றை எடுத்துக்கொண்டான். ஏடு பெயர்த்தெழுதியோர் இல்லையாயின் நம்மிடம் இன்று எந்த நூல் எஞ்சியிருக்கும்? பெயர்த்தெழுதப்பட்ட ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியதனாலன்றோ சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையை அச்சேற்ற முடிந்தது? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு மறைந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்மிய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் பிரதி செய்து எல்லோரும் படிக்கத் திறந்து வைத்திருப்பது களவாகுமா, காவலாகுமா?

இறுதியாக அவன் விலையைப் பற்றிப் பேசினான். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. டொலரில் விலை குறிக்கப்பட்ட எப்பொருளும் இலங்கை மாணவனுக்கு ஒரே ஆண்டில் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஸ்ட்ரீமிங் நிறுவனங்களுக்குப் பணம் செலுத்த வங்கி அட்டை வேண்டும். கரைவலைத் தொழிலாளியின் மகனிடம் அதுவும் இல்லை. வாங்க இயலாதவன் வாங்காது பார்த்தால், விற்பவனுக்கு இழப்பு எங்கே என்று கேட்டு அவன் அமர்ந்தான். மண்டபம் கைதட்டிற்று. அவனது அணி வென்றது.

வெற்றியுடன் ஊருக்கு வந்த அந்த விடுமுறையிலேதான் நண்பன் ஒருவன் தன் கைத்தொலைபேசியில் ஒரு காட்சியை அவனுக்குக் காட்டினான். தென்னைகள், கடல், பொழுது சாயும் வானம், வெளிநாட்டவர் தங்கும் விடுதி ஒன்றின் அழகு ஆகியவற்றைக் காட்டும் சிறு விளம்பரம் அது. காட்சிகளின் பின்னணியில் ஒரு குரல் ஒலித்தது. முதல் அடியிலேயே அவனுக்கு மெய் சிலிர்த்தது. அக்குரல் அவனுடைய தாய்மாமனுடையது. பாடப்பட்டது, அவன் சிறுவனாகக் கயிற்றின் கடைசியிற் பிடித்து நின்ற நாள்களிற் கேட்ட அம்பா. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆராய்ச்சிக்கென்று கூறி வந்த சிலர் மாமனைப் பாடச் சொல்லிப் பதிவு செய்து சென்றது அவன் நினைவுக்கு வந்தது. அப்பதிவு எங்ஙனமோ கைமாறி அங்கு வந்து சேர்ந்திருந்தது. விளம்பரத்தில் மாமனின் பெயர் இல்லை. உடப்பு என்ற சொல்லும் இல்லை. அதைப் பார்த்தோர் தொகை பல ஆயிரம் என்று அடியிற் குறிக்கப்பட்டிருந்தது.

அவன் நண்பனிடம் கூறிய முதற் சொல் “களவு” என்பதே.

அச்சொல்லைச் சொன்ன பின்னரே அவன் தன்னைத் தானே கேட்டுக்கொண்டான். அசைந்தது எது? குறைந்தது எது? மாமன் இன்றும் அதே அம்பாவைப் பாட முடியும். அவரது தொண்டையிலிருந்து எவரும் எதனையும் எடுத்துச் செல்லவில்லை. விவாத மண்டபத்தில் அவன் அடுக்கிய நியாயங்கள் அத்தனையும் அந்த விளம்பரக்காரருக்கும் பொருந்தின. பொருந்தியும் அவனது கோபம் தணியவில்லை.

மாமனின் பாட்டு இன்று எத்தகைய நிலையில் உள்ளது என்பதையும் இவ்விடத்து நினைத்தல் வேண்டும். உழவு இயந்திரத்திற் பொருத்திய வின்ச் கொண்டு கயிற்றை இழுக்கும் முறை இலங்கையின் கரைவலைப் பாடுகள் பலவற்றிற்கு வந்துவிட்டது. இயந்திரத்திற்கு இழுப்பின் தாளத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆதலால் அதற்கு அம்பா வேண்டியதில்லை. தொழில் மாறும்போது தொழிற்பாட்டு வேலையை இழக்கிறது. அந்நிலையில் ஒலிப்பதிவு ஒன்றே அதன் கடைசி உறைவிடமாகலாம். அந்த உறைவிடத்தில் ஊரின் பெயரும் பாடியவனின் பெயரும் இல்லையாயின், எதிர்காலத்தில் அப்பாட்டைக் கேட்போர் அதனை எவருடையதென்று கொள்வர்?

அன்று மாலை அவன் கைத்தொலைபேசியைக் கொண்டுபோய் மாமனிடம் காட்டினான். மாமன் வாடியின் முன் அமர்ந்து வலையிற் கிழிந்த கண்களைப் பொத்திக்கொண்டிருந்தார். தம் குரலைக் கேட்டதும் முதலிற் சிரித்தார். மருமகனின் முகத்தைப் பார்த்த பின்னரே சிரிப்பை நிறுத்தினார்.

“மாமா, இது உங்களிடமிருந்து எடுத்த களவு” என்றான் அவன்.

“பாட்டு எங்கே போய்விட்டது, மருமகனே? அது என்னிடம்தானே இருக்கிறது” என்றார் அவர். விவாதத்தில் அவன் வென்ற அதே நியாயம், பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய ஒருவரின் வாயிலிருந்து வந்தது. அவன் பேசாது நின்றான். சிறிது நேரம் ஊசியை ஓட்டிய பின்னர் அவர் இரண்டு கேள்விகளைக் கேட்டார். ஊரின் பெயரைச் சொன்னார்களா? இதில் அவர்களுக்குக் காசு வந்ததா? முதற் கேள்விக்கு இல்லை என்றும், இரண்டாவதற்கு விடுதிக்கு ஆட்கள் வந்தால் காசு வரும் என்றும் அவன் விடை கூறினான்.

“அப்படியானால் அது களவு இல்லை. பங்கு கொடாமற் போனது” என்றார் அவர்.

மருமகன் வேறுபாட்டை உணராதவன் போல் நிற்கக் கண்டு அவர் விளக்கினார். இழுத்தவனுக்குரிய மீனைக் கொடாது போகிறவன், எவரது வீட்டிலும் புகுந்து திருடியவன் அல்லன். ஆனால் மறுநாள் அவனோடு சேர்ந்து கயிறு பிடிக்க எவரும் வரமாட்டார். கறிக்கென்று வருபவளுக்கு ஒரு பிடி கொடுப்பது வேறு. கூடை கொண்டு வந்து அள்ளிச் சந்தைக்குப் போவது வேறு. இவ்வளவும் கூறிய பின், வலையிலிருந்து தலையை உயர்த்தாமலே, அவன் சற்றும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்: “நீ கொண்டு வருகிறாயே படங்கள், அவற்றுக்கும் கயிறு இழுத்தவர்கள் இருப்பார்கள்தானே?”

அவ்வினாவுக்கு அவனால் உடனே விடை சொல்ல இயலவில்லை. அன்றிரவு பென் டிரைவில் இருந்த படமொன்றை இறுதிவரை ஓடவிட்டுப் பார்த்தான். கதை முடிந்ததும் படம் சட்டென்று நின்றது. விளக்குப் பிடித்தோர், உடை தைத்தோர், சமையல் செய்தோர், ஒலியைச் சீர்செய்தோர் ஆகிய நூற்றுக்கணக்கானோரின் பெயர்கள் வரும் பகுதி பிரதியில் வெட்டப்பட்டிருந்தது. அடுத்த படத்தையும் பார்த்தான், அதிலும் அவ்வாறே. மாமனின் பெயரை விளம்பரக்காரர் விட்டது போலவே, இவர்களின் பெயர்களையும் எவரோ விட்டிருந்தனர். அவ்வாறு விட்டதை ஊருக்குச் சுமந்து வந்தவன் அவன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அவனுக்கும் அது தோன்றியது. விளக்குப் பிடித்தவர் நாட்கூலியை அன்றே பெற்றுவிட்டார். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவருக்கு நட்டமில்லை, நட்டம் முதலாளிக்கே. முதலாளியின் நட்டத்துக்காக ஏழை மாணவன் ஏன் வருந்த வேண்டும்? இம்மறுப்பு வலுவானதே. ஆயினும் கரையில் வாழ்பவனுக்கு அதன் குறை தெரியும். விற்ற மீனின் பணத்திலிருந்துதான் அடுத்த வலைக்கு நூல் வாங்கப்படுகிறது. வலை இல்லாத சம்மாட்டியிடம் இழுப்பவனுக்கு வேலை இல்லை. முதலாளியின் இழப்பு முதலாளியோடு நின்றுவிடுவதில்லை. அது முதலிற் சென்று சேர்வது, கூலிக்காக மறுநாளும் வந்து நிற்பவனிடத்திலேயே.

இனி, தண்டனையைக் கடுமையாக்கினால் இவ்வழக்கு ஒழியும் என்று கருதுவாரும் உளர். இந்தியா 2023 இல் தன் திரைப்படச் சட்டத்தைத் திருத்தியது. அனுமதியின்றித் திரைப்படத்தைப் பதிவு செய்வோருக்கும் பரப்புவோருக்கும் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது மூன்று இலட்சம் இந்திய ரூபா தொடக்கம் படத்தின் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் ஐந்து வீதம் வரையான தண்டமும் அதன்படி விதிக்கப்படலாம். கூடை கொண்டு அள்ளிச் சந்தைக்குப் போகிறவனுக்கு இது பொருந்தும். விடுதி அறையில் ஒரு படத்தைப் பார்க்கும் மாணவனையும், விளம்பரம் விற்றுப் பொருளீட்டும் தளத்தையும் ஒரே சொல்லால் கள்வர் என்று அழைத்தால், சொல் தன் கூர்மையை இழந்துவிடும். திருக்குறளின் கள்ளாமை அதிகாரம், எடுத்த பொருளை நோக்குவதற்கு முன்னர் எடுக்க நினைக்கும் உள்ளத்தையே நோக்குகிறது. அந்த அளவுகோலால் அளந்தாலும் எல்லா மனமும் ஒன்றல்ல. பெற வேறு வழியில்லாது எடுப்பவன் மனமும், வழியிருந்தும் கொடுக்க விரும்பாதவன் மனமும், பிறர் உழைப்பை விற்றுப் பிழைப்பவன் மனமும் வேறு வேறாம்.

ஆக்கத்தைப் பொதுமையாக்குவதும், ஆக்கியோர்க்குரியதைக் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்குத் தமிழிலே ஒரு சான்று உண்டு. பாரதியார் 1921 இல் மறைந்த பின்னர் அவரது பாடல்களின் உரிமை பலர் கைக்குப் போயிற்று. ஒலிப்பதிவு உரிமையைப் பெற்றிருந்த ஏ. வி. மெய்யப்பன் 1947 இல் வெளிவந்த நாம் இருவர் திரைப்படத்தில் அப்பாடல்களைப் பயன்படுத்தினார். கவிஞரின் பாட்டு ஒருவரது சொத்தாக இருத்தலாகாது என்ற குரல் எழுந்தது. 1949 இற் சென்னை அரசாங்கம் அவ்வுரிமையை ஏற்றது. பின்னர் அது மக்களுக்கே உரியதாயிற்று. அப்போதும் பாரதியின் குடும்பத்தார்க்குப் பணம் கொடுக்கப்பட்டது. பாட்டும் பொதுவாயிற்று, பங்கும் கொடுக்கப்பட்டது.

உடப்பின் அம்பாவுக்கு இத்தகைய ஒழுங்கு உண்டா? 2003 ஆம் ஆண்டின் சட்டம், நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்கென்று 24 ஆம் பிரிவை ஒதுக்கியுள்ளது. அவற்றை வணிக நோக்கத்துக்காகவோ, மரபுச் சூழலுக்குப் புறம்பாகவோ பதிவு செய்து பரப்புவதற்கு அனுமதி பெறவும் கட்டணம் செலுத்தவும் வேண்டும். ஆனால் அவ்வனுமதியைக் கொடுக்கும் உரிமை, அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரிக்கே உரியது. சேரும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செலவிடப்பட வேண்டியது. பாட்டைக் காத்துவந்த ஊருக்கென்று ஒரு பங்கை அப்பிரிவு வகுக்கவில்லை. மாமன் கேட்ட இரு கேள்விகளில், ஊரின் பெயர் பற்றிய முதலாவதற்கு அப்பிரிவில் விடை உண்டு: பாட்டு எச்சமூகத்திலிருந்து அல்லது எவ்விடத்திலிருந்து பெறப்பட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும். காசு பற்றிய இரண்டாவதற்கு ஊருக்கென்று நேரான விடை இல்லை.

அம்மாணவன் வந்து சேர்ந்த முடிவு பெரிதன்று. ஏடு பெயர்த்தெழுதியோரையும் நூலகத்தையும் பற்றி விவாதத்தில் அவன் சொன்னதை இன்றும் மாற்றமாட்டான். அழிய இருப்பதைப் பிரதி செய்தல் அறமே. வாங்க எங்கும் கிடைக்காததும், வாங்குவார்க்கு எட்டாததும் கறிக்கு விழும் மீனைப் போன்றவை என்றும் கருதுகிறான். ஆனால் அந்த நியாயத்தின் நிழலில் தான் இருந்ததாக இனி அவனால் சொல்ல முடியாது. அவன் கொண்டுவந்த படங்களுட் சில, சிலாபத்துப் படமாளிகையில் ஒரு நேரச் சாப்பாட்டின் விலைக்குப் பார்க்கக் கூடியனவாய் இருந்தன. ஓலைப்பெட்டியுடன் நிற்பவளாகத் தன்னை எண்ணிக்கொண்டு, அவன் கூடையுடன் நின்றிருந்தான்.

விடுமுறை முடியுமுன் அவன் மாமனின் அம்பாவைத் தானே பதிவு செய்தான். பாடுவதற்கு முன்னர்த் தம் பெயரையும், ஊரின் பெயரையும், அப்பாட்டைத் தமக்குக் கற்பித்தவரின் பெயரையும் சொல்லும்படி கேட்டுக்கொண்டான். மூன்றாவது பெயரைச் சொல்லும்போது முதியவரின் குரல் சற்று இடறியது. அந்த இடறலை நீக்காமலே அவன் பதிவை வைத்துக்கொண்டான்.

அதை இணையத்தில் இடலாமா என்று அவன் கேட்டபோது, மாமன் உடனே இசையவில்லை. கயிறு பிடித்த மற்றையோரையும் கேட்க வேண்டும் என்றார். எதிர்க்குரல் பாடியவர்கள் அவர்கள். அம்பா அவர்களுக்கும் பங்குள்ளது. அவர்களுட் சிலர் கடலுக்குப் போயிருந்தனர். சிலர் கூலி வேலைக்கு வெளியூர் சென்றிருந்தனர். அவர்கள் எல்லோரும் வந்து சேரும்வரை அந்தப் பதிவு எவருக்கும் கொடுக்கப்படாது, முன்னர்ப் படங்கள் இருந்த அதே பென் டிரைவில் இருக்கிறது.